உள்ளே இருப்பவன்

அப்பா மல்டிமீட்டரை எடுத்துவரச் சொன்னபோதே மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்துவிட்டது.

பொங்கல் விடுமுறைக்கு மதுரைக்குப் போயிருந்தேன். மூன்று மாதம் முன்பு அவர் கட்டில் தலைமாட்டில் நான் பொருத்திக் கொடுத்திருந்த விளக்கின் டப்பா இப்போது அவர் மடியில் இருந்தது. மூடியின் நான்கு ஸ்க்ரூக்களும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில். "ரெகுலேட்டர்ல ஏதோ கோளாறுடா. கடைசி வரைக்கும் திருப்புனாலும் அணைய மாட்டேங்குது" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

கோளாறு ஒன்றும் இல்லை. அந்த விளக்கு முழுதாக அணையக் கூடாது என்று நிரலில் ஒரு வரி எழுதியிருந்தேன். எழுதச் சொன்னது அம்மா. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றதும் அம்மாதான். ஆனால் சரி என்றது நான்.

அந்த ஒரு வரியைத்தான் சில மாதங்களாக மனசுக்குள் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்த இன்ஜினியர். இதைச் சொல்லும்போது லேசாகக் கூச்சமாக இருக்கும். நான்கு வருடத்தில் என் கையால் ஒரு எல்.இ.டி.யைக்கூட எரியவிட்டதில்லை. மைக்ரோகன்ட்ரோலர் லேபில் ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர். கிட்டில் கை வைக்கிறவன் ஒருவன், மற்ற நான்கு பேர் அவுட்புட்டை ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறவர்கள். நான் அந்த நான்கு பேரில் ஒருவன். அப்புறம் மென்பொருள் வேலை, சென்னை. பன்னிரண்டு வருடமாக நான் எழுதிய எதையும் கையால் தொட முடிந்ததில்லை. முப்பத்து நான்கு வயதில் ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டும், ஒரு பிரெட்போர்டும், ஒரு பிடி எல்.இ.டி.யும், 220 ஓம் ரெசிஸ்டர்களும், 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் மூன்றும் வாங்கிவந்தேன்.

ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரில், டிசைன் படிக்கும் மாணவர்களுக்காகப் பிறந்தது. எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களும் தங்கள் யோசனையை வேலைசெய்ய வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நோக்கம். பெயர் அந்த ஊரின் ஒரு மதுக்கடையுடையது. மதுக்கடைக்குப் பெயர் கொடுத்தது 1002இல் இத்தாலிக்கு அரசனான ஒரு ஆர்டுயின். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ராஜாவின் பெயரைச் சொல்லித்தான் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல்பு எரிய வைக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். சரி, இது வழியில் பார்த்த ஊர்.

இந்தப் போர்டை வாங்குகிற எல்லோரும் செய்கிற முதல் வேலை ஒரு விளக்கைக் கண்சிமிட்ட வைப்பது. இரண்டாவது, ஒரு குமிழைத் திருப்பி அந்த விளக்கைக் கூட்டிக் குறைப்பது. பொட்டென்ஷியோமீட்டருக்கு மூன்று கால்கள். ஒரு ஓரக்காலில் 5 வோல்ட், இன்னொரு ஓரக்காலில் பூஜ்யம். நடுக்கால் குமிழோடு சேர்ந்து இரண்டுக்கும் நடுவில் நகரும், நிற்கிற இடத்துக்கு ஏற்ற வோல்ட்டை எடுத்துக்கொண்டு வரும். சிப் அதை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகப் படித்துக்கொள்கிறது. அதை நான்கால் வகுத்து 0 முதல் 255 வரையிலான எண்ணாக்கி விளக்குக்கு அனுப்ப வேண்டும். மொத்தம் பத்து வரி நிரல். முதல்முறை அது வேலை செய்தபோது ராத்திரி ஒரு மணி. அரை மணி நேரம் குமிழைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேலையில் எத்தனையோ பெரிய ரிலீஸ் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

ஆனால் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. குமிழ் விளக்கைத் தொடவே இல்லை.

என் அப்பா வயர்மேன். நாற்பது வருடம் வீடுகளுக்கு வயரிங் செய்தவர். அவர் தலைமுறையின் ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். சதுரமான கனத்த பெட்டி, உள்ளே சுருள் கம்பி. ஃபேனுக்குப் போகும் மின்சாரம் அந்தக் கம்பி வழியாகவே போக வேண்டும். வேகத்தைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் கம்பி வழியில் சேரும். ஃபேனுக்குப் போகாத மின்சக்தியில் பெரும்பங்கு அங்கேயே சூடாக வீணாகும். அணைத்த பிறகு பெட்டியைத் தொட்டால் கை சுடும். முட்டாள்தனமான கருவிதான். ஆனால் அதில் குமிழும் ஃபேனும் ஒரே கம்பியில் இருந்தன. நடுவில் யாரும் இல்லை.

மைக்ரோகன்ட்ரோலரில் நடுவில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். குமிழைத் திருப்புவது அவனிடம் மனு கொடுப்பது மாதிரி. அவன் மனுவைப் படிக்கிறான், பிறகு தனக்கு எழுதிக்கொடுத்திருப்பதைச் செய்கிறான். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருப்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தாலுகா ஆபீஸுக்குப் போய்வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவன் சொல்லும் முதல் பொய்யே விசித்திரமானது. குறைந்த வெளிச்சம் என்று ஒன்று அங்கே கிடையாது. விளக்கு ஒன்று முழுதாக எரிகிறது, அல்லது முழுதாக அணைந்திருக்கிறது. ஊனோவின் பெரும்பாலான கால்களில் இந்த எரிதலும் அணைதலும் விநாடிக்கு ஏறத்தாழ 490 தடவை நடக்கிறது. எரியும் நேரத்தைக் குறைத்து, அணைந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் கண் அதைச் சராசரி செய்து மங்கல் என்று சொல்கிறது. எல்.இ.டி.யை இருட்டில் வேகமாக ஆட்டிப் பாருங்கள், ஒளிக்கோடு புள்ளி புள்ளியாக உடையும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப ஃபியூஸ் போற பல்பு மாதிரிதான், ஒழுங்கா போகுது அவ்வளவுதான்" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை.

இரண்டாவது பொய்யைச் சொல்லவைத்தது நான். எண்ணை நேராக அனுப்பினால் குமிழ் சரியாக நடந்துகொள்வதில்லை. முதல் கால் சுற்றிலேயே வெளிச்சம் கிடுகிடுவென ஏறிவிடும், மிச்ச முக்கால் சுற்றில் பெரிதாக ஒன்றும் மாறாது. கண் ஒளியை நேர்விகிதத்தில் அளப்பதில்லை. மங்கலில் சின்ன மாற்றமும் அதற்குப் பெரிது, பிரகாசத்தில் பெரிய மாற்றமும் சின்னது. குஸ்டாவ் ஃபெக்னர் 1860இலேயே இதற்கு ஒரு கணக்கு எழுதிப் பார்த்தார். இன்றைய கணக்குப்படி, பாதி ஒளி கண்ணுக்கு முக்கால்வாசியாகத் தெரியும். கண்ணுக்குப் பாதியாகத் தெரிய 18 சதவீதம் போதும். புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புவதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆகவே குமிழ் தரும் எண்ணை வர்க்கமாக்கி அனுப்பினேன். குமிழ் பாதியில் நின்றால் விளக்குக்குக் கால்வாசிதான் போகும். எண்ணாகப் பார்த்தால் அப்பட்டமான ஏமாற்று. ஆனால் குமிழை நடுவில் வைக்கிறவர் 512 என்ற எண்ணைக் கேட்கவில்லை, பாதி வெளிச்சம் கேட்கிறார். மொழிபெயர்ப்பு வாசிக்கிறவர்களுக்கு இது பழகிய விஷயம். சொல்லுக்குச் சொல் விசுவாசமாக இருக்கிறவன் பல சமயம் அர்த்தத்தைக் கொன்றுவிடுகிறான்.

மூன்றாவது பொய்க்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு நாற்பது வருடச் சண்டை உண்டு. அம்மாவுக்கு இரவில் ஜீரோ வாட் பல்பு எரிய வேண்டும். அப்பாவுக்குக் கும்மிருட்டு வேண்டும். ஜீரோ வாட் என்பதே ஒரு பொய்தான். அந்தப் பழைய சின்ன பல்புகள் பத்து, பதினைந்து வாட் வரை இழுக்கும். அப்பா இதை ஒவ்வொரு ராத்திரியும் அம்மாவிடம் சொல்வார், கரண்ட் பில் கணக்கோடு. அம்மா அதைக் கேட்டுக்கொண்டே சுவிட்சைப் போடுவாள். யார் முதலில் தூங்குகிறார்களோ அவர்கள் தோற்றார்கள்.

போன வருடம் ஆவணியில் அப்பா ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தவர் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்தார். இடது மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்றைக்கு அவர் ஜெயித்த ராத்திரி, பல்பு அணைந்திருந்தது. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். எழுபது கிலோ மனுஷனை இருட்டில் அம்மா தனியாகத் தூக்கி உட்கார வைத்திருக்கிறாள். எனக்கு போன் வந்தது காலை ஆறரைக்கு. "நீ தூங்கிட்டு இருப்பன்னு கூப்பிடல" என்றாள்.

இந்தச் சண்டைக்குத் தீர்வாகத்தான் என் புதுப் பைத்தியத்தைப் பயன்படுத்தினேன். ஒரு மீட்டர் எல்.இ.டி. பட்டி, அதை இயக்க ஒரு மாஸ்ஃபெட், ஒரு குமிழ், ஒரு பிளாஸ்டிக் டப்பா. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வைத்துக்கொள்ளலாம், இரண்டு பேருக்கும் நடுவில். ஆயுத பூஜைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அம்மா போன் செய்தாள். குரலைத் தணித்துப் பேசினாள்.

"தம்பி, அது முழுசா அணையாத மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுமாப்பா? லேசா எரிஞ்சுக்கிட்டே இருந்தாப் போதும். அப்பாகிட்ட சொல்லிராத. சொன்னா புடுங்கிப் போட்டுருவாக."

முடியுமா என்று கேட்டால் நிரல் எழுதுகிறவனுக்கு வேறு எதுவும் காதில் விழாது. முடியும். வெளிச்சம் 12ஐ விடக் குறைந்தால் அதை 12 ஆக்கு என்று ஒரு வரி. 255இல் 12 என்பது ஐந்து சதவீதத்துக்கும் கீழே. ஆனால் மேலே சொன்ன அதே கணக்கின்படி கண்ணுக்கு அது ஏறத்தாழ கால்வாசி. என் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, தரை தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்த எண் அது. குமிழின் கடைசி ஐந்தில் ஒரு பங்குச் சுற்று இதனால் வெறும் சுற்றானது. திருப்பலாம், ஒன்றும் நடக்காது. ஆயுத பூஜை அன்று அப்பா தன் கட்டிங் பிளேயர், டெஸ்டர்களோடு என் டப்பாவையும் வரிசையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார். "சால்டரிங் பரவால்ல" என்றார். என் வேலையை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

மற்ற இரண்டு பொய்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடச் சரியில்லை, கேட்டுக்கொள்ளவில்லை. நிரலில் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வர்க்கமாக்குவது ஒரு வரி, 12க்குக் கீழே விடாதே என்பது ஒரு வரி. கம்பைலருக்கு இரண்டும் ஒன்று.

என் தரப்பு நியாயம் எனக்குத் தெரியும். வாய்மை அதிகாரத்தில் வள்ளுவரே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். குறையில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் உண்மைக்குச் சமமாக ஏற்கலாம் என்கிறார். தமிழர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த குறள் அது, எல்லோரும் தேவைப்படும்போது எடுத்துக் காட்டுகிற ரேஷன் கார்டு மாதிரி. ஆனால் அந்த நன்மை குறையில்லாததுதான் என்று யார் சான்றிதழ் கொடுப்பது? பொய் சொல்கிறவனா? வள்ளுவரும் உடனே அடுத்த குறளில் மனசாட்சியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிடுகிறார்.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியான 'சுதந்திரம் பற்றி' நூலில் ஒரு பாலத்தைக் காட்டுகிறார். பாலம் உடையப்போவது நிச்சயம், எச்சரிக்க நேரமில்லை என்றால் அதில் கால் வைக்கிறவனைப் பிடித்து இழுக்கலாம். அவன் ஆற்றில் விழ விரும்பவில்லை, ஆகவே அவன் விருப்பத்துக்கு எதிராக நீ எதுவும் செய்யவில்லை. ஆனால் உடையலாம் என்ற ஆபத்து மட்டும் இருக்கிறது என்றால், அந்த ஆபத்தை எடுப்பதா வேண்டாமா என்பது அவன் முடிவு. நீ சொல்லலாம், தடுக்கக் கூடாது. குழந்தைகளும் சுயநினைவு பிசகியவர்களும் மட்டும் விலக்கு. இதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது அந்த விலக்குதான். 12 என்று எழுதியபோது நான் அப்பாவை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். அவரிடம் கேட்காமல்.

மில்லுக்கு அம்மாவிடம் பதில் இருக்கிறது. பிற்பாடு இதையெல்லாம் அவளிடம் எளிமையாகச் சொல்லிப் பார்த்தேன். "அந்த ஆத்துல விழுந்தவன யாரு தூக்கினா? அதச் சொல்லியிருக்காரா அவரு?" என்றாள். சொல்லவில்லை. மில்லின் பாலத்தில் ஒரு மனிதன்தான் நடக்கிறான். எங்கள் வீட்டில் அவர் விழுந்தால் எழுப்ப வேண்டியது அறுபத்தாறு வயதில் மூட்டுவலியோடு இருக்கும் ஒருத்தி. ஆபத்து அவருடையது மட்டும் இல்லை. இந்த நியாயத்தை நான் இன்னும் முழுதாகக் கடக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது விளக்குக்கு ஒரு கீழெல்லை வைப்பதற்கான நியாயம்தான். மறைத்து வைப்பதற்கான நியாயம் அல்ல. குக்கரில் சேஃப்டி வால்வு இருக்கிறது, பள்ளி வேனில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. அவை நம் விருப்பத்தை மீறுகின்றன, ஆனால் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். கான்ட் 1795இல் நிரந்தர அமைதியைப் பற்றி எழுதிய நூலின் பின்னிணைப்பில் இதற்கு ஒரு சோதனை தருகிறார். மற்றவர் உரிமையைத் தொடும் ஒரு காரியம், வெளியில் சொன்னால் கெட்டுவிடும் என்றால், அது அநியாயம். அவர் சொன்னது அரசுகளைப் பற்றி. நான் அதை டப்பா மூடியில் வைத்துப் பார்த்தேன். 'நடுவில் வைத்தால் பாதி வெளிச்சம்' என்று மூடியில் எழுதி ஒட்டலாம். வர்க்கக் கணக்கு அதனால் கெடாது. 'முழுதாகத் திருப்பினாலும் அணையாது' என்று எழுதி ஒட்டினால்? அப்பா அன்றைக்கே ஸ்க்ரூ டிரைவரை எடுத்திருப்பார். தெரியாமல் இருந்தால்தான் அது வேலை செய்யும். நான் பொருத்தியது கீழெல்லை இல்லை. அவருடைய தெரியாமையைத்தான் ஒரு பாகமாகச் சேர்த்து சால்டர் செய்திருந்தேன்.

இது எனக்குப் புதுசும் இல்லை. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், செயலியின் அமைப்புப் பக்கத்தில் ஒரு ஸ்லைடர் இருந்தது. 'இந்த மாதிரி அறிவிப்புகள்: குறைவாக, அதிகமாக.' ஒரு நாள் பழைய நிரலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது கண்டுபிடித்தேன். ஸ்லைடரை நகர்த்தினால் எண் டேட்டாபேஸில் போய் உட்காரும். அதை எடுத்துப் படிக்கிற ஒரு வரிகூட எங்கேயும் இல்லை. மேனேஜரிடம் கேட்டேன். "இருக்கட்டும் பாஸ், யூசருக்கு ஒரு திருப்தி" என்றார். சிரித்தோம். நான் டிக்கெட்டை மூடிவிட்டேன்.

உலகம் முழுக்க இப்படிப் பொத்தான்கள் உண்டு. நியூயார்க்கில் சாலையைக் கடக்கப் பாதசாரிகள் அழுத்தும் 3,250 பொத்தான்களில் 2,500க்கும் மேல் எதையும் செய்வதில்லை என்று 2004இல் செய்தி வந்தது. சிக்னல்களைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு பொத்தான்களைக் கழற்றச் செலவாகும் என்று விட்டுவிட்டார்கள். ஜனங்கள் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அழுத்துவார்கள், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் பச்சை எப்படியும் வந்துவிடும். கேட்டது கிடைத்த மாதிரியே இருக்கும். படிக்க வேடிக்கையாக இருக்கும் செய்தி. ஒன்றும் செய்யாத அந்தக் குமிழைத் திருப்புகிறவர் நம் அப்பாவாக இருக்கும்வரை.

மல்டிமீட்டருக்கு வருவோம்.

கொடுத்தேன். அவர் முதலில் பிளக்கைப் பிடுங்கினார். பொட்டென்ஷியோமீட்டரின் மூன்று வயர்களையும் எடுத்துவிட்டு, ஒரு முனையை நடுக்காலிலும் இன்னொன்றை ஓரக்காலிலும் வைத்து, குமிழை மெதுவாகத் திருப்பினார். எண் ஏறியது, இறங்கியது. எங்கேயும் திக்கவில்லை, குதிக்கவில்லை. கடைசியில் பூஜ்யத்தைத் தொட்டது. இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை.

"ரெகுலேட்டர் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு ஆர்டுயினோ போர்டை விரலால் தட்டி, "உள்ள இருக்கவன்தான் கேக்க மாட்டேங்குறான்."

"நான்தான்ப்பா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மாவே அடுப்படியிலிருந்து வந்து சொல்லிவிட்டாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தோம். அவர் மல்டிமீட்டரின் வயர்களைச் சுற்றி அதன் பையில் வைத்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"அப்ப என் கண்ணுல ஒண்ணும் இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவருக்குப் போன வருடம்தான் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. விளக்கை முழுதாகத் திருப்பி அணைத்த பிறகும் அறையில் வெளிச்சம் தெரிந்ததை, முதல் சில வாரங்கள், கண்ணுக்குள்ளேயே வெளிச்சம் நிற்கிறது என்று நினைத்திருக்கிறார். ஆபரேஷனில் ஏதோ தவறிவிட்டது என்று. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் ஆஸ்பத்திரி, நான் லீவு போட வேண்டும், செலவு. கையால் முகத்தை மூடிப் பார்த்து, போர்வையை இழுத்துப் பார்த்து, கடைசியில் பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்பு கரண்ட் போன ஒரு ராத்திரியில் முழு இருட்டைப் பார்த்த பிறகுதான் கோளாறு விளக்கில் என்று முடிவுக்கு வந்திருக்கிறார். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு மனுஷன் தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறார். என் 12ஆல்.

"அன்னைக்கு நான் இருட்டுலயா விழுந்தேன்?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "இந்த வீட்டுல கண்ண கட்டி விட்டாலும் பாத்ரூம் போவேன். எந்திரிச்சதும் தல சுத்துச்சு. பிரஷர் மாத்திரை மாத்துனதுல இருந்தே சுத்துது. யாரு கேட்டீக?"

யாரும் கேட்கவில்லை. விழுந்தார், இருட்டாக இருந்தது, ஆகவே இருட்டால் விழுந்தார் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம். நான் முந்நூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்து அதற்கு ஒரு எண்ணும் கண்டுபிடித்தேன். மறுநாள் டாக்டரிடம் போனோம். மாத்திரையின் அளவைக் குறைத்தார், எழுந்தவுடன் நடக்காமல் கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழச் சொன்னார்.

இங்கே நிறுத்தினால் எனக்கு வசதி. பொய் சொன்னேன், பொய் தப்பாகிப் போனது, ஆகவே பொய் தப்பு. ஆனால் அது நேர்மையான கணக்கு இல்லை. அவர் நிஜமாகவே இருட்டில் தடுக்கி விழுந்திருந்தால்? என் 12 இரண்டாவது தடவை விழாமல் காப்பாற்றியிருந்தால்? அப்போது இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். ஏதோ ஒரு டீக்கடையில் நண்பனிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன். ஒரு காரியம் பலித்ததா இல்லையா என்பதை வைத்து அது சரியா என்று முடிவு செய்யக் கூடாது என்றால், பலிக்காததை வைத்தும் முடிவு செய்யக் கூடாது.

இருந்தாலும் ஒன்று மிச்சம் நிற்கிறது. நான் தவறு செய்கிறேன் என்பதை எனக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவர் வாயைத்தான் நான் முதலில் அடைத்தேன். சொல்லிவிட்டுச் செய்திருந்தால் முதல் நாளே சண்டை வந்திருக்கும், அந்தச் சண்டையில் தலைச்சுற்றல் வெளியே வந்திருக்கும். எங்கள் வீட்டில் உண்மைகள் எல்லாம் சண்டையில்தான் வெளிவரும், அதற்கு வேறு வழி இல்லை. நான் சண்டையைத் தவிர்த்ததாக நினைத்துக்கொண்டு அதை ஒரு சிப்புக்குள் பூட்டி வைத்திருந்தேன். அவர் அங்கே தினமும் ராத்திரி குமிழைத் திருப்பி வாதாடிக்கொண்டிருந்தார், எனக்குத் தெரியாத மாதிரி.

அந்த ஸ்லைடரைப் பற்றியும் அதற்குப் பிறகு அடிக்கடி நினைக்கிறேன். எத்தனை பேர் அதைக் 'குறைவாக' பக்கம் தள்ளிவிட்டுப் போனார்களோ. அறிவிப்புகள் குறையாததைப் பார்த்து, நாம்தான் சரியாக வைக்கவில்லை என்று மறுபடியும் போய்த் தள்ளியவர்கள் எத்தனை பேரோ.

அன்று மாலை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். நிரலைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான் என்றேன். "எது அழிக்கிறது?" என்று கேட்டார். காட்டினேன். அவரே அழுத்தி அழித்தார், ஓர் எழுத்துக்கு ஒரு தடவையாக. யூஎஸ்பி கேபிளைச் செருகி அப்லோட் செய்தேன். போர்டில் சின்ன மஞ்சள் விளக்குகள் படபடத்து அடங்கின. அவர் குமிழைக் கடைசி வரை திருப்பினார். பட்டி அணைந்தது.

"ம்" என்றார்.

அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். "அப்ப நான் எப்படித் தூங்குறது?" என்றாள். அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ராத்திரி நான் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். அவர்கள் அறைக் கதவுக்குக் கீழே ஒரு கோடு வெளிச்சம். பத்தரை மணி வாக்கில் அது போய்விட்டது. இருட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தேன், ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று. உள்ளே ஏதோ பேசிக்கொண்டார்கள், வார்த்தை புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கோடு திரும்ப வந்தது, முன்பைவிட மங்கலாக. பிறகு இன்னும் ஒரு இழை குறைந்தது. யார் திருப்பியது என்று தெரியவில்லை.